நான்கு மதிப்பெண் வினா

அமிலத் தொட்டிக்கு மேலே
சூப்பர்வைசர் சென்னப்பா ஒட்டிய ஸ்டிக்கர்:
வினை தீர்க்கும் விநாயகர்.
ஆவி பட்டுப் பட்டு தும்பிக்கை பாதி வெளுத்துவிட்டது.
வினை தீர்ந்துபோனால் நமக்குக் கூலி ஏது என்று
யாரும் அவரிடம் கேட்டதில்லை.

ஓசூர் சிப்காட், இரண்டாம் கட்டம்.
துருப்பிடித்த போல்ட்டுகளைக் கூடையோடு முக்குவேன்.
துரு முதலில் போகும், சத்தமில்லாமல்.
விட்டால் இரும்பே கரையத் தொடங்கும்.
சோடா திறந்ததுபோல் குமிழ்குமிழாய்
ஹைட்ரஜன் தன் இடத்தைக் காலிசெய்து கிளம்பும்.
அந்த நொடியில் கூடையைத் தூக்கிவிட வேண்டும்.
பத்தாம் வகுப்புப் புத்தகத்தில்
இதற்கு இடப்பெயர்ச்சி வினை என்று பெயர்.
பதினோரு வருஷமாகச் செய்கிறேன்.
பெயர் தெரிந்தது போன மாசியில்தான்,
தனித்தேர்வர் என்று விண்ணப்பம் போட்ட பிறகு.

சாப்பாட்டு நேரத்தில் ஜெனரேட்டர் அறைப் பக்கம்
புத்தகத்தை விரிப்பேன்.
வினைத்திறன் வரிசை. உச்சியில் பொட்டாசியம்,
அடிவாரத்தில் தங்கம்.
லேசில் எதோடும் சேராது, எதற்கும் மசியாது.
என்னுடைய இரண்டேமுக்கால் பவுனும் அப்படித்தான்,
பாகலூர் சாலை அடகுக்கடையில்
மூன்று வருஷமாக அசையாமல் இருக்கிறது.
கழுத்தில் கிடக்கும் கவரிங் செயின்தான்
வேர்வையோடும் புகையோடும் வினைபுரிந்து
பச்சையாகிக்கொண்டிருக்கிறது.

சிதைவு வினைக்கு
வெப்பமோ வெளிச்சமோ மின்சாரமோ வேண்டுமாம்.
என் வீட்டுக்காரர் பையை எடுத்துக்கொண்டு போன அன்று
மார்கழிக் குளிர். விடியவில்லை.
கரண்ட்கூட இல்லை.

தேன்கனிக்கோட்டை அரசுப் பள்ளி, மூன்றாவது பெஞ்சு.
இரட்டை இடப்பெயர்ச்சி வினையைச் சான்றுடன் விளக்குக.
பொட்டாசியம் அயோடைடு, லெட் நைட்ரேட்.
எழுதினேன். இரண்டு பக்கமும் எண்ணிச் சமன்செய்தேன்.
மஞ்சள் வீழ்படிவுக்குப் பக்கத்தில்
கீழ்நோக்கி ஓர் அம்புக்குறிகூடப் போட்டேன்.

எழுதாமல் விட்டது:
தம்பி திம்மராயன் ஞாயிறு ராத்திரிதோறும்
அஞ்செட்டியிலிருந்து பஸ் ஏறுகிறான்,
பெங்களூரில் சென்ட்ரிங் வேலை.
தொட்டியின் அந்தப் பக்கம் அவன் நின்ற இடத்தில்
காலாஹண்டியிலிருந்து வந்த தீனபந்து நிற்கிறான்.
யாரும் யாரையும் தள்ளிவிடவில்லை.
கூலி எங்கே நூறு ரூபாய் கூட என்று பார்த்து
இரண்டு அயனிகள் இடம் மாறிக்கொண்டன.
"உன் ஊரில் உன் அம்மாவுக்கு
யார் தண்ணீர் தூக்குவது?" என்று ஒருநாள் கேட்டேன்.
தெரிந்த தமிழில் சொன்னான்,
"வேற ஆள்."

கரைசலில் கலக்காமல்
அடியில் தங்கிவிடும் பொருளைப் பற்றி
கூடுதலாக ஒரு வரி எழுதினேன்.
அடித்தும் விட்டேன்.

மணி அடித்ததும் தாள் வாங்க வந்தவர்
என் விரல்களைப் பார்த்தார்.
கிழிந்த கையுறை வழியே ஏறிய குரோமேட் நிறம்,
எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது.
விடைத்தாள் ஓரத்திலும் ஒரு கட்டைவிரல் அளவு.
"காலையிலேயே மஞ்சள் அரைச்சீங்களாம்மா?"

"ஆமாம் சார்" என்றேன்.
இரண்டு மணி ஷிப்டுக்கு
பஸ் பிடிக்க வேண்டும்.