ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு

பொகவந்தலாவையில் ஒரு கோழிக் கொட்டிலிலிருந்து
லொறியில் ஏற்றி வந்தோம். சீட்டு எடுத்த காசு.
பின்சீட்டில் அடைகிடந்த பேட்டை மட்டும்
தரமுடியாது என்று தூக்கிக்கொண்டார்கள்.
அத்தனை வளைவும் கடந்து
கொட்டகலையில் கதவைத் திறந்தால்
உடையாமல் ஒரு முட்டை.

மொரிஸ் மைனர்.
பெயரைத் தவிர எதுவும் தெரியாது எனக்கு.
எந்தப் பக்கம் திருகினால் கழலும் என்பதைத்
தண்ணீர்ப் போத்தல் மூடியில் திருகிப் பார்த்துவிட்டு
ஸ்பேனரைத் தூக்குவேன்.

"இந்தக் காசுக்கு ஓட்டோ ஒன்றுக்கு
முற்பணம் கட்டியிருக்கலாம்" என்றார் புவிராஜ்.
சொல்லிக்கொண்டே
தறப்பாளின் மறுமுனையைக்
கொய்யா மரத்தில் இறுக்கிக் கட்டினார்.

ஜூன் மழை.
கால்விரிப்பைத் தூக்கினேன், கீழே தகரம் இல்லை.
புல் இருந்தது.
புல்லில் ஒரு அட்டை எழுந்து நின்று
என் பெருவிரலை முகர்ந்தது.

கழற்றியதை எல்லாம் பால்மா டின்களில் போட்டேன்.
பழைய கொப்பித் தாளைக் கிழித்து
அழகான கையெழுத்தில் ஒட்டினேன்:
இடது கதவு. வலது கதவு. ரேடியேட்டர்.
தெரியாது.
முதலில் நிரம்பியது கடைசி டின்தான்.

உப்புத்தாள் போட்டுத் தேய்க்கத் தேய்க்க
வெள்ளைக்குக் கீழே பச்சை,
பச்சைக்குக் கீழே யாரோ தூரிகையால் பூசிய
வீட்டுச் சுவர் மஞ்சள்.
யார் என்று கேட்க ஆளில்லை.
அதற்கும் கீழே போக மனமின்றி
ஒரு கையகலம் மஞ்சளை அப்படியே விட்டேன்.

வேலை முடிந்து போகிறவர்கள்
றோட்டில் நின்று கேட்பார்கள்,
"டீச்சர், ஓடுமா?"
மழை விடுமா என்று கேட்கிற அதே குரலில்.
நானும் வானத்தைப் பார்த்துத்தான் பதில் சொல்வேன்.

டிசம்பர் லீவில் எஞ்சினை மூடினேன்.
நாலு பிளக், நாலு வயர்.
ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று
வட்டமாகச் செருகினேன்.
பதினாறு வருடமாகக் கரும்பலகையில் எழுதுகிறவள்
வேறெப்படிச் செருகுவாள்?

புவிராஜ் சாரத்தை மடித்துக் கட்டி
கிராங்க் கம்பியைச் சுழற்றினார்.
டமார்!
சைலன்சரிலிருந்து கோழி இறகு ஒன்று பறந்தது.
கீழ் லயத்து நாய்கள் எல்லாம் சேர்ந்து குரைக்க
பக்கத்து வீட்டு சோமலதா
அகப்பையோடு ஓடி வந்தாள்.

மூன்று ஞாயிறு போயிற்று.
பற்றரி மாற்றினோம், பெற்றோல் மாற்றினோம்.
கையேட்டில் அந்தப் பக்கம்
ஈரத்தில் அடுத்த பக்கத்தோடு ஒட்டியிருந்தது.
பிரித்தேன், எழுத்து பாதிப் பாதியாகக் கிழிந்து வந்தது.

நாலாம் ஞாயிறு
பிளக்குகளைக் கழற்றிவிட்டு
முதல் துளையில் பெருவிரலை வைத்தேன்.
"மெல்லச் சுத்துங்க."
காற்று விரலைத் தள்ளியது.
இரண்டாவதுக்கு மாறினேன், ஒன்றுமில்லை.
மூன்றாவது துளை தானாக
'புஸ்' என்றது.
பிறகு நாலாவது.
கடைசியில், ஏதோ பிந்தி வந்த பிள்ளை மாதிரி,
இரண்டு.

மூன்றாம் வகுப்பில் தர்சிகன்
ஒன்றுக்குப் பக்கத்தில் மூன்று எழுதுவான்.
சிவப்புப் பேனையால் வெட்டுவேன்.
ஜனவரியிலும் வெட்டுவேன், அது வேறு விஷயம்.

மூன்று வயர்களை இடம் மாற்றினேன்.
அவர் சுழற்றினார்.
இருமியது. இன்னொரு முறை.
பிறகு
தறப்பாள் நடுங்க, டின்கள் நடுங்க,
கண்ணாடியில் என் முகம் நடுங்க
ஓடியது.
பதினொரு வினாடி. எண்ணினேன், வரிசையாகத்தான்.

நின்றதும் பனிமூட்டம்
பெற்றோல் மணத்துக்குள் புகுந்துகொண்டது.
கம்பியைக் கையில் பிடித்தபடி
போனட்டையே பார்த்துக்கொண்டு நின்றார் புவிராஜ்.
காலடியில் டின் ஒன்று உருண்டது.
குனிந்து உள்ளிருந்து எடுத்தார்,
பெருவிரல் நீளத்தில் ஒரு போல்ட்,
எண்ணெய் பூசி, பளபளவென்று.

"இது எங்க பூட்டுறது?"

டின்னைத் திருப்பி
ஒட்டியிருந்த தாளைக் காட்டினேன்.