நீளச் சதுரம்

கிருஷ்ணகிரி ரவுண்டானா தாண்டி
பெங்களூர் சாலை நகைக்கடையின் இரண்டாம் மாடியில்
திம்மராஜ் என்னை உட்காரவைத்து
வட்டக்கல் மோதிரங்களைத்தான் முதலில் பரப்பினான்.
விளக்கின் கீழ் அவை எல்லாம்
ஒரே நேரத்தில் பேசின.

"அந்த நீளச் சதுரம்" என்றேன்.

தயங்கினான். "எமரால்டு கட்டுங்க அது.
பச்சையெல்லாம் இருக்காது, பேருதான்.
இந்த அளவுக்கு மின்னாதுங்க மேடம்."

மின்னாததுதான் வேண்டுமென்று
வைரம் விற்பவனிடம் எப்படிச் சொல்வது?

பதினாறு வருடமாக
ஜெகதேவி சாலைப் பட்டறையில்
கருங்கல் பலகைகளுக்குக் குறை பார்ப்பவள் நான்.
ஈரத்துணி, ஒரு டார்ச், சிவப்பு சாக்பீஸ்.
பாலிஷ் ஏறிய கல்லில் தண்ணீர் தெளித்தால்
ஒளிந்திருந்த கோடெல்லாம் மேலே வரும்.
மயிரிழை விரிசலுக்கு ஒரு சுழி.
வெள்ளை நரம்புக்கு ஒரு பெருக்கல் குறி.
நான் சுழித்த கல் கப்பலேறாது;
இத்தாலி போகவேண்டியது
பர்கூர்ப் பக்கம் யார் வீட்டிலோ
சமையல் மேடையாகும்.

மோதிரத்தை வெளிச்சத்தில் நிறுத்தினான்.
குனிந்து பார்த்தேன்.

குவாரி.

மேலே ஒரு படி, அதற்குள் ஒரு படி, அதற்குள் இன்னொன்று,
நான்கு பக்கமும் நேராக இறங்கி
அடியில் தேங்கிய மழைநீர்.
வெடி வைக்காத ஞாயிற்றுக்கிழமை மதியம்
விளிம்பில் நின்றால் வருமே,
அதே அமைதி, அதே
உள்ளங்காலில் ஏறும் கூச்சம்.
கிரேன் ஒன்றுதான் இல்லை.

சற்றுத் திருப்பினேன்.
ஒரு சுவர் முழுதும் வெளுத்தது.
எதிர்ச்சுவர் முழுதும் இருண்டது.
திரும்பவும் திருப்ப, மாறிக்கொண்டன.
பொரிவதில்லை இது.
ஜன்னலைத் திறக்கிறது,
ஜன்னலைச் சாத்துகிறது.

"மாடல் மாறிட்டே இருக்கும் மேடம்.
இது மட்டும் பழைய நகையில வந்தாலும்
மறுவாரமே யாராச்சும் எடுத்துட்டுப் போயிடுறாங்க.
ஏன்னு எனக்கே தெரியாது."

நான்கு மூலையும் சீவியிருந்தது.
அதற்குக் காரணம் எனக்குத் தெரியும்.
கூர்முனையோடு லாரி ஏறிய பலகை
வாணியம்பாடி தாண்டுமுன் மூளியாகும்.
முனையை நாமே முன்கூட்டித் தட்டிவிட வேண்டும்.
நானும் தட்டியிருக்கிறேன்,
மாதேசனோடு ஒரே வீட்டில் இருந்த ஒன்பது வருடம்.
மூலைகள் போதவில்லை.

லென்ஸை வாங்கிக் கண்ணில் வைத்தேன்.
மூன்றாம் படியில், இடது ஓரம்,
ஒரு கரும்புள்ளி.

திம்மராஜ் முகம் விழுந்தது.
"வட்டத்துல இருந்தா தெரியவே தெரியாதுங்க,
மினுக்கல்ல மறைஞ்சிடும்.
இதுல எதையும் மறைக்க முடியாது.
வேற காட்டட்டுமா?"

என் வலதுகை தானாக
மேசைமேல் சாக்பீஸைத் தேடிக்கொண்டிருந்தது.

வேறு இரண்டு காட்டினான்.
ஒன்று சுத்தம். நாற்பது மாதச் சீட்டை
கடைசிவரை தள்ளிக் கேட்காமல் காத்து எடுத்த பணம்
அதன் பாதிக்கும் எட்டாது.
மற்றதும் சுத்தம்தான், ஆனால் எள்ளளவு;
படி இறங்க இடமில்லை.

புள்ளி உள்ளதையே மறுபடி எடுத்தேன்.
தண்ணீர் தெளிக்கத் தேவைப்படாத முதல் கல்.
கேட்குமுன்பே காட்டிவிட்டது.

சற்றுத் தளர்வு. நூல் சுற்றிக்கொள்ளலாம்.

பில்லுக்குப் பெயர் கேட்டான்,
யாருக்குப் பரிசு என்றும்.
"சென்னம்மாள்" என்றேன்.
"பரிசு வாங்குறவங்க பேருங்களா?"
"ரெண்டும்."

டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது.
மாங்கூழ் ஆலையின் புளித்த வாடை
இரண்டு நிறுத்தம் கூடவே வந்தது.
சையத் பாஷா மலை பின்னால் நகர்ந்ததும்
வெயில் மோதிரத்துக்குள் இறங்கி
ஒவ்வொரு படியாய்க் கீழே போய்
எதையோ எடுத்துக்கொண்டு மேலே வந்தது.

பக்கத்து சீட்டுப் பெண் எட்டிப் பார்த்தாள்.
"கண்ணாடியா அக்கா?"

"கல்லுதான்" என்றேன்.