செங்காய்

பத்துக்கு எவ்வளவு வலி என்று கேட்டார்கள்.
ராயக்கோட்டை மண்டியில் கிரேட் விலை மாதிரி என்றேன்,
விடியற்காலை ஒன்று, வெயில் ஏறினால் ஒன்று,
மழை வந்தால் கேட்கவே வேண்டாம்.
நர்ஸ் சிரிக்காமல் ஏழு என்று எழுதிக்கொண்டார்.

ஒன்பது வருஷம்.
முதலில் தைலம், அப்புறம் பெல்ட்டு,
அப்புறம் தருமபுரியில் ஒருவர்
இடுப்பில் ஏறி மிதித்து வாங்கிய முன்னூறு ரூபாய்,
மெடிக்கலில் பேர் கேட்காமலே எடுத்து நீட்டும் மஞ்சள் மாத்திரை,
அது வயிற்றை அரித்ததும் வயிற்றுக்கு ஒரு மாத்திரை.

ஓசூரில் பெரிய கட்டடம். படத்தை வெளிச்சப் பலகையில் மாட்டி
நாலு நிமிஷம்.
"ஸ்குரூ வைக்கணும். செவ்வாய்க்கிழமை தேதி இருக்கு.
கார்டுலயே வந்துரும். விட்டா கால் போயிடும்."
சொன்னது என் வீட்டுக்காரரைப் பார்த்து.
இடுப்பு என்னுடையது.

படிவம் பதினோரு பக்கம், இங்கிலீஷில்.
கடைசிப் பக்கத்தில் மட்டும் தமிழில் ஒரு வரி:
எனக்குப் புரியும் மொழியில் எல்லாம் விளக்கப்பட்டது.
அட்டெண்டர் மூடி கழற்றிப் பேனா தந்தான்.
"எல்லாரும் இங்கதாம்மா போடுவாங்க."
இன்னும் விளக்கலையே தம்பி, என்றேன்.
பேனா கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது.
கோவிந்தம்மா, எதுக்கு வம்பு, என்றார் வீட்டுக்காரர்.

ஊரில் ஆளுக்கொரு கதை.
சம்பூரணத்தின் நாத்தனார் ஆபரேஷன் செய்துகொண்டு
பத்தாம் மாதம் தீர்த்தமலை ஏறினாள்.
லோடு ஏற்றும் திம்மராயன் ஆபரேஷன் செய்துகொண்டு
கட்டிலில் கிடந்தபடி லாரி எண்ணுகிறார்.
இரண்டும் பொய்யில்லை.
இரண்டு முதுகும் என் முதுகில்லை.

மண்டி ரசீதின் பின்பக்கம் எழுதினேன்.
எந்த வலி போகும், காலுக்கு இறங்குவதா, இடுப்பில் நிற்பதா?
செய்யாவிட்டால் என்ன ஆகும், எப்போது ஆகும்?
ஸ்குரூ சரியாக உட்காராவிட்டால்?
எத்தனை மாதம் குனியக் கூடாது, அதுவரை கூலி யார் தருவார்?
கடைசியை டாக்டரிடம் கேட்பதா என்று அடித்தேன்.
பிறகு அடித்ததன் மேலேயே திரும்ப எழுதினேன்.

கிருஷ்ணகிரி பெரியாஸ்பத்திரியில் மூன்று மணி நேர வரிசை.
டாக்டர் முபீனா படத்தை முதலில் பார்க்கவில்லை.
குதிகாலில் நடங்க, நுனிக்காலில் நடங்க, என்றார்.
கட்டைவிரலைக் குண்டூசியால் தொட்டார்.
சிறுநீர் அடக்க முடியுதா என்று
குரலைத் தாழ்த்தாமல் கேட்டார், விலை கேட்பதுபோல.
ரசீதை வாங்கி ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

"காலுக்கு இறங்குற வலி குறைய நல்ல வாய்ப்பு இருக்கு.
இடுப்புல நிக்கிறதுக்கு நான் சத்தியம் பண்ண மாட்டேன்.
பாதம் தொங்கினாலோ, சிறுநீர் போறது தெரியாமப் போனாலோ
அன்னைக்கே வரணும், நடுராத்திரின்னாலும்.
இப்ப அந்த அவசரம் இல்ல."
கூலிக் கேள்வியில் பேனா நின்றது.
"இதுக்கு என்கிட்ட பதில் இல்லைங்க."
அந்த ஒன்றைச் சொன்ன பிறகுதான்
மற்றதை எல்லாம் நம்பினேன்.

இருபது வருஷமாகக் கட்டைவிரலால் தக்காளி பிரிக்கிறேன்.
பழம் இன்றைக்கு, செங்காய் சென்னைக்கு.
காயைப் பழமென்று ஏற்றினால் திட்டு வரும்,
பழத்தைக் காயென்று ஏற்றினால் லாரியே ஒழுகும்.
விரல் அழுத்தி நிற்கும் அந்த ஒரு நொடியில்
மண்டிக்காரர்கூட என்னை அவசரப்படுத்தியதில்லை.

ஆறு வாரம் பயிற்சி, அப்புறம் பேசலாம் என்று சீட்டு.
பேசிய பிறகு சரி என்றும் சொல்வேனோ என்னவோ.
ஓசூர்ப் படிவம் பையில்தான் இருக்கிறது.

திரும்பும் பஸ்ஸில் பாதி சீட் காலி.
வீட்டுக்காரர் ஜன்னலோரம்,
பக்கத்து இடத்தில் படக் கவரை வைத்து
எனக்காகப் பிடித்திருந்தார்.
இடமிருக்கே, உக்காருங்கம்மா, என்றார் கண்டக்டர்.
இருபது நிமிஷம் உட்கார்ந்தால் இடது கால் எரியும்.
நாற்பது நிமிஷம் நின்றால் இடுப்பு பிடிக்கும்.
ஊருக்கு ஒரு மணி நேரம்.
கோட்டை மலை தெரியட்டும், உட்காருகிறேன், என்றேன்.