அகல் வட்டம்

மரகைபோவில் மின்சாரம் போய் நான்கு மணி நேரம்.
ஆய்வக ஜன்னலைத் திறந்தால் ஏரியின் எண்ணெய் வாடை,
சாத்தினால் அகார் வாடை.
யொலெய்டா போஸ்கான் திறந்தே வைத்திருக்கிறாள்.
தெற்கே, ஏரி முடியும் இடத்தில்,
இடிச் சத்தம் இவ்வளவு தூரம் வராத மின்னல்
வெட்டிக்கொண்டே இருக்கிறது.
அந்த வெளிச்சத்துக்குக் காத்திருந்து
தட்டை உயர்த்துகிறாள்.

மூன்று வெள்ளை வில்லைகள்.
மருந்து வென்றிருந்தால்
நிலா கோட்டை கட்டியதுபோல் சுற்றிலும் வளையம் விழும்.
அகல் வட்டம் பகல் மழை என்போம் நாம்.
இங்கே
ஃப்ளுகோனசோல் வில்லையின் விளிம்பு வரை வந்து
முட்டிக்கொண்டு வளர்ந்திருக்கிறது.
ஒரு நூல் இடைவெளி இல்லை.

மின்சாரம் இருந்தபோது மெஷின் அதற்கு ஒரு பேர் சொன்னது,
தொண்ணூற்றொரு சதவீதம் உறுதியாக.
அவள் நம்பவில்லை.
அந்தப் பேர்க்காரன் நாற்பத்திரண்டு டிகிரியில் வளரமாட்டான்.
இவன் வளர்கிறான்.

மூன்றாம் மாடி. பச்சிளங்குழந்தைப் பிரிவு. ஆறாம் பெட்டி.
அங்கேயும் பேர் இல்லை.
'எபியேயூ மகன், 1140 கிராம்'
பிளாஸ்டரில் பேனாவால் எழுதி ஒட்டியிருக்கிறது.
குவாஹிராவிலிருந்து லாரி மாறி லாரி ஏறி வந்தவள்
அண்ணன் வரட்டும், பிறகு பேர் என்கிறாள்.

பூஞ்சை என்பது என் மொழியில்
காளான் குலத்துக்கும் பேர்,
தேறாத பிள்ளைக்கும் பேர்.
அந்தப் பெட்டிக்குள் இரண்டும் இருந்தன,
ஒன்று மற்றதன் ரத்தத்தில்.
எது பூஞ்சை என்று யாராவது கேட்டால்
தட்டில் இருப்பதை மட்டும் காட்டிவிடாதீர்கள்.

லிஃப்ட் இல்லை. போன் இல்லை.
முடிவைக் கையால் எழுதி மடித்துக்கொண்டு
செல்போன் விளக்கில் படியேறுகிறாள்.
நேர்வா, இரவு நர்ஸ்,
வென்டிலேட்டர் நின்றுபோன பிள்ளைக்கு
கைப்பையை அழுத்தி மூச்சு கொடுத்துக்கொண்டிருக்கிறாள்.
எண்ணிக்கை விடாமல் கேட்கிறாள்:
பதினேழு, மருந்துக்குக் கேட்குமா, பதினெட்டு.
கேட்காது.
பத்தொன்பது.

கட்டில் கம்பி, வெப்பமானி, திரைச்சீலை,
நேர்வாவின் இடது உள்ளங்கை
எல்லாவற்றிலும் பஞ்சை ஒற்றி எடுக்கிறாள்.
துடைக்கிற எவுதோ தானாகவே சொல்கிறான்:
வாளியில் குளோரின் பாதிதான், டாக்டர்,
மீதி தண்ணீர்.
அந்தத் தண்ணீரும் நேற்றையது.
அவள் டாக்டர் இல்லை. திருத்தவில்லை.

இரண்டாம் நாள் அண்ணன் வந்தான்.
எல்லைக்கு அப்பால் மாய்க்காவோவில் வாங்கிய வேறு மருந்து,
மீன் ஐஸ் பெட்டிக்குள், செதில் ஒட்டியிருந்தது.
ஏழு ஆடு விற்ற பணம்.
ஐந்து குப்பி எழுதிக் கொடுத்திருந்தார்கள்.
நான்கு வந்தது.
ஐந்தாவது எங்கே என்று யாரும் கேட்கவில்லை,
வழியில் எத்தனை சோதனைச்சாவடி என்று
எல்லோருக்கும் தெரியும்.

பேரை அவன் தங்கையின் காதில் சொன்னான்.
நேர்வா புது பிளாஸ்டரில் எழுதினாள்.
எழுத்து சரிதானா என்று பார்க்க
அங்கே எவருக்கும் நேரமில்லை.

முதல் குப்பியின் அடியில் மிஞ்சிய துளியை
ஒரு வெற்று வில்லையில் ஊறவைத்து
யொலெய்டா புதுத் தட்டில் வைத்தாள்.
இன்குபேட்டர் வேண்டியிருக்கவில்லை.
அறையே முப்பத்தேழு டிகிரி.

மறுநாள் இரவும் மின்னல்.
மேலே பிள்ளைக்கு ஜுரம் கொஞ்சம் இறங்கியிருந்தது,
அல்லது வெப்பமானியை மாற்றியிருந்தார்கள்.
தட்டை உயர்த்தினாள்.
வட்டம் விழுந்திருந்தது, அகலமாக,
கட்டைவிரல் கணு அளவு.
சத்தமாகவே சிரித்தாள்.

அடுத்த மின்னலில்
வட்டத்துக்குள் ஒரு புள்ளி.

மை என்று நினைத்தாள். தட்டைக் கவிழ்த்து
அடிப்பக்கம் விரலால் தேய்த்தாள்.
போகவில்லை.
பேனாவால் அதைச் சுற்றி ஒரு சின்ன வட்டம் போட்டு
பக்கத்தில் தேதி எழுதினாள்.
மணி எழுதுவதற்குள்
இருட்டிவிட்டது.