தொட்டி நிறைந்திருக்கும்போது

அக்டோபரில் இறங்கும் மழை
ஏப்ரல் வரை யாரையும் கேட்பதில்லை கிளாஸ்கோவில்.
கோவன் பக்கம், மூன்றாம் மாடியில்,
செங்கா மக்காஸ்கில் வீட்டுக் குளியலறைக்கு
ஒரே ஒரு ஜன்னல்.
அதையும் யாரோ என்றைக்கோ
பெயிண்ட் அடித்தே மூடிவிட்டார்கள்.

தொட்டி சுவரைத் தொடும் ஓரத்தில்
வெள்ளை சிலிக்கான் கோட்டின் மேல்
முதலில் மிளகு தூவியது போலிருந்தது.
பிறகு மை சிந்தியது போல.
பூசணம் பூத்திருக்கிறது என்போம் நாம்,
மல்லிகைக்குச் சொல்லும் அதே வாயால்.
செங்கா அப்படியெல்லாம் சொல்லவில்லை.
கறுத்துப்போச்சு என்றாள், அவ்வளவுதான்.

வீட்டுவசதிச் சங்கத்து டால்ரிம்பிள் வந்தார்.
வாசற்படியில் நின்றே எட்டிப் பார்த்தார்.
ஜன்னலைத் திறப்பதில்லை போலிருக்கிறதே.
துணி உள்ளேதான் காய்கிறதோ?
கெட்டில் அடிக்கடி கொதிக்குமோ?
ஒரு துண்டறிக்கை கொடுத்துவிட்டுப் போனார்.
நான்கு பேர் ஓர் இரவில் விடும் மூச்சு
சுவரில் எவ்வளவு நீராகும் என்று
அதில் படம் போட்டிருந்தது.
வீடு முழுக்க ஈரம்.
அவர் பேச்சில் மட்டும் பொட்டு ஈரமில்லை.

ரொட்டி ஆலையில் இரவு வேலை.
காலை ஆறரைக்கு வந்ததும் மண்டியிட்டுத் தேய்ப்பாள்,
பழைய டூத் பிரஷ், ப்ளீச்.
ஒருமுறை வினிகரையும் சேர்த்து ஊற்றிவிட்டு
கண் எரிய, நெஞ்சு அடைக்க,
படிக்கட்டில் போய் உட்கார்ந்திருந்தாள்.
இரண்டையும் கலக்காதே என்று
புட்டியின் முதுகில்
எறும்பெழுத்தில் இருக்கத்தான் இருந்தது.
மூன்று நாள் வெள்ளை.
நாலாம் நாள் மிளகு.

உள்ளே லாக்லன், ஏழு வயது,
இன்ஹேலரை அழுத்தி மூச்சை அடக்கி
விரல்விட்டுப் பத்து எண்ணுவான்.

மார்ச்சில் ஒரு செவ்வாய், விடுப்பு.
மூக்கை மூடிக் கட்டிக்கொண்டு
கத்தியால் கோட்டைக் கீறி உரித்தாள்.
பாம்புச் சட்டை போல நீளமாய் வந்தது.
அடியில் இன்னொரு சிலிக்கான், மஞ்சள் ஏறியது.
அதற்கும் அடியில் சுண்ணமாய் ஏதோ பட்டி.
அதற்கும் அடியில் ஒட்டு நாடா.
அவளுக்கு முன் குடியிருந்தவர்கள்
ஒருவர் கறுப்பின் மேல் ஒருவர்
வெள்ளை பூசிவிட்டுப் போயிருந்தார்கள்.
எல்லா அடுக்கும் கிழிந்திருந்தது
ஒரே இடத்தில், குழாய் மூலையில்.

எட்டிப் பிடிக்க விளிம்பில் முழங்காலை ஊன்றினாள்.
கண்ணெதிரே இடுக்கு அகன்றது,
ஒரு காசு கனம்.
எழுந்தாள். மூடிக்கொண்டது.
மறுபடி ஊன்றினாள்.
அடப் பாவிகளா.

எல்லோரும் காலித் தொட்டிக்குக் கோடு போட்டிருக்கிறார்கள்.
நீர் நிறைந்தால், ஆள் இறங்கினால்,
தொட்டி கொஞ்சம் அமுங்கும்.
அமுங்கினால் கிழியும்.
கிழிசலில் நீர் போய் உட்காரும்.
மற்றதை இருட்டு பார்த்துக்கொள்ளும்.

துடைத்து, ஹேர் டிரையரால் ஊதி,
இரண்டு நாள் எதிர்வீட்டு நசீமிடம் குளித்து,
கோடு எலும்பாய்க் காய்ந்த பிறகு
தொட்டியை விளிம்புவரை நிரப்பினாள்.
வேண்டிய பாரத்தையெல்லாம் இப்போதே தாங்கிக்கொள்.
பிறகு துப்பாக்கி முனையால் ஒரு கோடு,
சோப்பு நீர் தொட்ட விரலால் ஒரே இழுப்பு.
நடுவில் நின்றால் தழும்பு விழும்.
நிற்கவில்லை.

யாரும் திறந்துவிடாதீர்கள் என்று
லாக்லன் எழுதி ஒட்டினான், எழுத்துப் பிழையோடு.
அன்றிரவு அவள் மாவு பிசைந்துகொண்டிருக்க
விளக்கணைந்த அறையில்
நீர் மட்டும் அசையாமல் கிடந்தது,
யாரோ பெரிய உடம்புக்காரர்
வேலையாய் வந்து படுத்திருப்பது போல.

இப்போது குளித்ததும் ஓரத்தைத் துண்டால் ஒற்றுகிறார்கள்.
அதே கத்தியால் ஜன்னலின் பெயிண்டையும் அறுத்துவிட்டாள்.
லாக்லன் இருமல் குறைந்தது என்று எழுத ஆசைதான்.
ஆனால் இரவில் எண்ணுவது அவள், நான் அல்ல.
மேற்கூரை மூலையில் ஒரு மிளகு இருக்கிறது.
அதன்மேல் ஒரு கண் வைத்திருக்கிறாள்.

மே மாதம் டால்ரிம்பிள் கடிதம் வந்தது:
குடியிருப்பவரின் பழக்கங்கள் திருந்தியதால்
புகார் முடித்துவைக்கப்படுகிறது.

இரண்டு முறை படித்தாள்.
நாலாய் மடித்து,
காற்றில் ஜன்னல் சாத்திக்கொள்ளாமலிருக்க
இடுக்கில் செருகினாள்.

சரியான கனம்.