மூன்றாம் மாடி, கிழக்கு மூலை

சிறப்புரையாளரின் விமானம் சிகாகோவைத் தாண்டவில்லை.
நெப்ராஸ்காவின் மார்ச் காற்றுக்கு
மகளிர் வரலாற்று மாதமாவது, மண்ணாவது.
நூற்றிருபது நாற்காலி போட்டிருந்தேன்.
ஊதா நிறத்தில் ஒரு கேக், வெட்டாமல்.
வந்தவர்கள் பதினொரு பேர்,
அதில் இருவர் கேக்குக்காக.

எனக்கு நிகழ்ச்சி அலுவலகத்தில் வேலை.
விழாவுக்கு விழா ஒரு படிவம்:
வந்தோர் எத்தனை, செலவு எவ்வளவு,
விளைந்த பயன் யாது, ஐம்பது சொற்களுக்குள்.

பயனுக்கு எங்கே போவேன் என்று
விழித்துக்கொண்டிருந்தபோது
அரங்கின் ஹீட்டர் ஒழுகுகிறதென்று வந்திருந்த
பல்கலைக்கழக பிளம்பர் லவான் ஹ்ருஸ்கா
குறடைப் பின்பையில் செருகிக்கொண்டு எழுந்தாள்.
"வரலாறுதானே வேணும்? வாங்க, மாடிக்குப் போகலாம்."

இயற்பியல் கட்டடம். மூன்றாம் மாடி.
கிழக்கு மூலை. பெண்கள் கழிப்பறை.
புல முதல்வர் வாசலோடு நின்றுவிட்டார்;
எல்லோருடைய கோட்டும் அவர் கைக்குப் போனது.
இரு கையும் நிறைந்து
ஆணியடித்த சுவர்போல் நின்றார், பாவம்.

உள்ளே சுவரோரம் மூன்று பீங்கான் தொட்டிகள்,
நின்றபடி போகிறவர்களுக்கானவை.
எடுக்கக் காசில்லையோ, மனசில்லையோ,
யாரோ மண் நிரப்பி மணிப்ளான்ட் நட்டிருந்தார்கள்.
செழித்திருந்தது.

கழுவுதொட்டிமேல் குழாய் வரைபடத்தை விரித்தாள் லவான்.
1936. நீலக் கோடுகள்.
ஐந்து மாடி, பதினான்கு கழிப்பறை,
பதினான்கிலும் ஒரே சொல்: ஆண்கள்.
துடைப்பம் வைக்கும் அறை ஒன்றின்மேல் மட்டும்
பென்சிலில், மெல்ல: பெண்கள்?
அந்தக் கேள்விக்குறிக்குப் பதில் வர
முப்பத்தெட்டு ஆண்டுகள் ஆயின.

அதுவரை?

அதுவரை ஆர்ஃபா டெப்ளி என்றொருத்தி
மேல்மாடியில் படிகங்களின் கோணம் அளந்துகொண்டிருந்தாள்.
அவசரமென்றால் நான்கு மாடி இறங்கி
புல்வெளி கடந்து
மனையியல் கட்டடத்தின் நிலவறைக்கு.
போக ஆயிரத்து நூறு அடி. வர அதே.
அளப்பதே பிழைப்பு, இதையும் அளந்தாள்.
நாளுக்கு மூன்று நடை, பதினொரு ஆண்டு.
நோட்டின் கடைசிப் பக்கத்தில் கூட்டியும் வைத்தாள்:
இரண்டாயிரத்து எழுநூற்றைம்பது மைல்.
பசிபிக் கடலில் கால் நனைத்து
ஏறக்குறைய வீடு திரும்பிவிடலாம்.

"பனியிலுமா?" என்றாள் மரிசோல்.
"பனியிலும்."

யாரும் பேசவில்லை.
அப்போது தடுப்புக்குள் தண்ணீர் சீறியது.
கதவு திறந்து ஒரு பெண் வெளியே வந்தாள்,
பதினொரு முகங்களைப் பார்த்துத் திகைத்தாள்,
கை கழுவினாள்,
போகாமல் நின்றுகொண்டாள்.

அந்த நோட்டு கீழே கண்ணாடிப் பெட்டியில்தான் இருக்கிறது.
ஆறு வருடமாக ஒரே பக்கம் திறந்தபடி:
பூப்போல் ஒரு படிகம், அழகாக வரைந்தது.
கடைசிப் பக்கத்தை லவான் பார்த்ததே
போன கோடையில் கூரை ஒழுகி
பெட்டியை நகர்த்த நேர்ந்ததால்.

சாவி முதல்வரிடம்.
முதல்வரின் பை பதினொரு கோட்டுக்கு அடியில்.
"வலப்பக்கம்" என்றார், கூச்சத்தோடு.
மரிசோல் கைவிட்டு எடுத்தாள்.

பக்கத்தைத் திருப்பும்போது
தாள் கொஞ்சம் முரண்டு பிடித்தது.

ராத்திரி படிவத்தை நிரப்பினேன்.
வந்தோர்: பன்னிரண்டு.
செலவு: கேக்.
பயன் என்ற கட்டத்தில் கர்சர் துடித்தபடி இருந்தது.
வெளியே இருட்டில், ஆற்றை நோக்கி,
கொக்குக் கூட்டம் கரகரத்துப் போனது.
வருடா வருடம் இவ்வழியே போகின்றன,
எத்தனை மைல் என்று அவை எழுதி வைப்பதில்லை.

எழுதினேன். அழித்தேன்.
ஹீட்டர் இன்னும் ஒழுகுகிறது என்று
தனியாக ஒரு புகார் அனுப்பினேன்.