இருநூறு கிலோ சூடை

சங்கத்தின் பழைய கணக்கு
விலைகளைக் கூட்டி மூன்றால் வகுத்திருந்தது:
முந்நூறு, ஆயிரத்து இருநூறு, இரண்டாயிரத்து நானூறு.
கிலோவுக்குச் சராசரி ஆயிரத்து முந்நூறு ரூபா.
அந்த எண்ணை வைத்துத்தான்
ஐஸ் கடனுக்குத் தவணை போட்டிருந்தார்கள்.

கிண்ணியா றிஸ்வினுக்கு அன்று அறக்குளா, பத்துக் கிலோ.
பள்ளத்தோட்டத்து யூஜினுக்குப் பாரை, நாற்பது.
திருக்கடலூர்ப் புவிராஜுக்கு
வலை கிழியக் கிழிய இருநூறு கிலோ சூடை,
முந்நூறுக்கே வாங்க ஆளைத் தேடி.

பத்துக்கும் இருநூறுக்கும்
ஒரே அளவில் கதிரை போட்ட கணக்கு அது.

உட்துறைமுக வீதி, மாடி அறை,
மின்விசிறி ஐந்தில் சுழன்றும் வியர்வை.
ஜாவாவைத் திறந்து
படகுகளை ஒவ்வொன்றாக ஸ்ட்ரீமில் இறக்கினேன்.
விலையை எடையால் பெருக்கு, கூட்டு.
ஒரு லட்சத்து முப்பத்திரண்டாயிரம் வந்தது.
இனி எடைகள்.
அதே ஓடைக்குள் இன்னொருதரம் கை வைத்தேன்.
சிவப்பு எழுத்தில் திட்டு விழுந்தது:
ஏற்கெனவே ஓடி முடிந்தது, மூடியாயிற்று.

கொட்பேயில் ஏலம் முடிந்தபின் வந்து நிற்பவனிடமும்
இதையேதான் சொல்வார்கள்,
இவ்வளவு மரியாதையாக அல்ல.

பிறகு ஒரு சின்ன வகுப்பு எழுதினேன்.
இரண்டு பை வைத்துத் தைத்த சட்டை அதற்கு,
ஒன்றில் காசு, மற்றதில் கிலோ.
ஓடையோடு ஒரேயொரு தரம் நடக்கும்.
கடைசிப் படகும் கழிந்ததும்
காசைக் கிலோவால் வகுக்கும்.

ஐந்நூற்று இருபத்தெட்டு.

செயலாளர் இக்னேஷியஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"அப்ப மிச்சம் எழுநூற்று எழுபத்திரண்டும் எங்க?"
எங்கும் இல்லை, ஐயா.
கடலிலும் இருந்ததில்லை.

ஆயிரத்து முந்நூறு எழுதிய தாளைக்
கிழிக்க மனமில்லாமல் யன்னலோரம் வைத்தார்,
காற்று இழுத்துக்கொண்டு போனது.
பஸ் நிலையப் பக்கமிருந்து வந்த மானொன்று
மோந்து பார்த்துத் தின்றது,
சங்க முத்திரையையும் சேர்த்து.

நவம்பர்.
பன்னிரண்டு நாளாக ஒரு படகும் இறங்கவில்லை.
காசுப் பை வெறுமை. கிலோப் பை வெறுமை.
ஒன்றை மற்றதால் வகுத்துவிட்டு
'எண் அல்ல' என்பதன் சுருக்கமாக
மூன்று ஆங்கில எழுத்தைக் காட்டியது இயந்திரம்.
இக்னேஷியஸ் எழுத்துக்கூட்டி வாசித்தார்:
"நான்."
"ஆர் பிள்ளை இது, நான் எண்டு சொல்லுறது?"

பூச்சியம் போட்டுவிடச் சொன்னார்.
ஏலாது என்றேன்.
பூச்சியமும் ஒரு விலை,
சும்மா அள்ளிக் கொடுத்ததாக ஆகிவிடும்.

மாலையில் புவிராஜ் வந்தார், நனைந்த சாரத்தோடு,
புதுத் தவணை எவ்வளவென்று கேட்க.
திரையில் தன் பெயரைக் கண்டு
அந்த வரியோடு விரலை நகர்த்தினார்.
கடைசிக் கட்டத்தில் நின்றது விரல்.
"நான்," என்றார்,
கேள்வியாக இல்லை.
வெளியே மழை இன்னும் விடவில்லை.
தவணையைக் கேட்க மறந்து
படியிறங்கிப் போய்விட்டார்.